பெரியம்மாவுக்குத் தெரியாமல் சுவிஸ்

மோர்னிங்சைட், ஸ்காபரோ
8 யூலை 2025, செவ்வாய்க்கிழமை

என் அன்பான அப்பாவுக்கு,

நீங்கள் லூசேர்ண் விடுதிக்குப் போய்ச் சேருமுன்பே இந்தக் கடிதம் அங்கே காத்திருக்கும். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்மணிக்கு மின்னஞ்சலில் அனுப்பி, அச்சடித்து அறைச் சாவியோடு தரும்படி கேட்டிருக்கிறேன். கைபேசியில் நீளமாக எழுதினால் நீங்கள் முதல் வரியையும் கடைசி வரியையும்தான் வாசிப்பீர்கள். தாளில் இருந்தால் முழுவதும் வாசிப்பீர்கள். தமிழில் எழுதுவதால் அந்தப் பெண்மணிக்கு எங்கள் வீட்டு விஷயமும் விளங்காது.

முதலில் முக்கியமானது. ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும். மலையைப் பார்த்துக்கொண்டு சாப்பாட்டை மறந்துவிடாதீர்கள். இன்சுலின் பேனையும் பாணும் முட்டையும் பையின் வெளிப்பொக்கற்றில் இருக்கட்டும். பணப்பையையும் கடவுச்சீட்டையும் காற்சட்டைப் பையில் வைக்க வேண்டாம். நூலகத்தில் நான் எடுத்த வழிகாட்டிப் புத்தகங்கள் எல்லாமே ரயில் நிலையத்துப் பொக்கற்றடிகாரரைப் பற்றி எச்சரிக்கின்றன. பைக்குள்ளே இழுத்துப் பூட்டுகிற சிப் வைத்த அறை இருக்கிறதல்லவா, அதற்குள் வையுங்கள். தெருக் குழாய்த் தண்ணீரைப் பயப்படாமல் குடிக்கலாம். ரயில் நேரத்துக்குப் புறப்படும், ஓடிவருகிறவருக்காக நிற்காது. நீங்கள் ஓட்டும் பஸ்ஸை நிறுத்துவதுபோல அங்கே யாரும் நிறுத்த மாட்டார்கள்.

நாளை மறுநாள் லூசேர்ணிலிருந்து இன்ரலாக்கன். அங்கே சின்ன ரயிலுக்கு மாறி லவுற்றபுருன்னன். அங்கிருந்து மலை ரயிலில் வெங்கன். வெங்கன் விடுதியிலும் ஒரு கடிதம் வைத்திருப்பேன்.

இனி வீட்டுச் செய்தி. இன்று மத்தியானம் பெரியம்மா, நீங்கள் நிற்கும் அதே சுவிஸில், லவுசானிலிருந்து வீடியோவில் வந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டே கதைத்தார். "உன்ரை மனுசனை எங்கை வட்ஸப்பிலை காணேல்லை?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா நாங்கள் பேசி வைத்ததையே சொன்னார். "கிங்ஸ்ரனிலை ட்ரெயினிங் அக்கா. அங்கை சிக்னல் சரியில்லை."

"பதினேழு வருசமா பஸ் ஓடுறவருக்கு இனி என்ன ட்ரெயினிங்? பிரேக் எங்கை இருக்கெண்டு காட்டப் போயினமோ?" என்று சிரித்தார் பெரியம்மா. பிறகு என்னைக் கூப்பிட்டார். "நிலாணி, கொம்மா சொல்லுறது உண்மையே?"

நான் "ஓம் பெரியம்மா" என்றேன். என் முகம் திரையின் மூலையில் தெரிந்தது. பொய் சொல்லும்போது என் முகத்தை நானே பார்ப்பேன் என்று நினைத்திருக்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "அடுத்த வருசமெண்டாலும் எல்லாரும் வாங்கோ. மேல் அறைக்குப் புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறன். கொப்பருக்கு இடுப்பிலை நாரிப் பிடிப்பெண்டு கெட்டி மெத்தையாப் பாத்து எடுத்தனான்" என்றார். அம்மா தேநீர் கொதிக்கிறது என்று எழுந்து போனார். அடுப்பில் ஒன்றுமே இருக்கவில்லை.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்கு விளங்குகிறது அப்பா. சூரிச் கல்யாணத்துக்குப் போனபோது பத்து நாளும் நீங்கள் பார்த்தது சொந்தக்காரரின் வரவேற்பறைகளையும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டு அல்பங்களையும்தான். மலையைக் கார்க் கண்ணாடியால் பார்த்தீர்கள். "ஆக்களை ஏத்தி இறக்கினது காணும், ஒருக்கா நான் ஏறி இருக்கவேணும்" என்று நீங்கள் சொன்னபோது நான்தான் முதலில் புத்தகத்தைத் திறந்தேன். பெரியம்மாவிடம் ஒரு நாள் மட்டும் போனால் "ஏன் ஒரு நாள்?" என்பார். போன தடவை ஒரு இரவு மட்டும் தங்கினதற்காக மூன்று வருடம் அம்மாவோடு கதைக்கவில்லை. போன தீபாவளிக்குத்தான் அவராகவே தொலைபேசி எடுத்தார். அதனால் போகாமலே விடுவது நல்லது, தெரியாமல் இருந்தால் போதும் என்று மூவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். ஆனாலும் அந்தக் கட்டில் என் மனதில் கிடக்கிறது.

நீங்கள் திரும்பி வரும்வரை சுவிஸ் இலக்கம் எது வந்தாலும் எடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். பெரியம்மாவின் ஆட்கள் யாராவது எங்காவது உங்களைக் கண்டுவிட்டுக் கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

நன்றாகப் பாருங்கள் அப்பா. எனக்காகவும் பாருங்கள்.

உங்கள் மகள்,
நிலாணி


மோர்னிங்சைட்
10 யூலை, வியாழக்கிழமை மத்தியானம்

அப்பா,

இதை வெங்கன் விடுதிக்கு அனுப்புகிறேன். இந்தத் தாள் உங்கள் கையில் இருக்கிறது என்றால் மிச்சத்தை வாசிக்க வேண்டாம். மேசையில் இருப்பவரிடம் தொலைபேசியைக் கேட்டு வாங்கி உடனே அம்மாவின் இலக்கத்துக்கு எடுங்கள். முதலில் ஏதாவது இனிப்பாகக் குடியுங்கள்.

நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று விடுதியிலிருந்து பதில் வந்திருக்கிறது. அங்கே மாலையாகிவிட்டது. மத்தியானமே நீங்கள் வெங்கனில் இருந்திருக்க வேண்டும். இன்ரலாக்கனில் சின்ன ரயில் ஏறியதும் நீங்கள் அனுப்பிய படம்தான் கடைசி. அதில் உங்கள் முழங்காலும் யன்னலும் தெரிகின்றன. "ஊசி போட்டாச்சு, இனிச் சாப்பாடு" என்று எழுதியிருந்தீர்கள்.

நான் உங்கள் கைபேசிக்கு எடுத்தேன். மூன்றாவது மணியில் யாரோ எடுத்தார்கள். உங்கள் குரல் இல்லை. ஒரு ஆண் குரல், தமிழில். "ஹலோ, பை தவறவிட்ட ஆளோ? பயப்பிடாதேங்கோ, நாங்கள் தமிழ் ஆக்கள்தான்" என்றது.

அப்பா, நான் தொடர்பைத் துண்டித்துவிட்டேன். அந்த மனிதர் ஆறுதலுக்காகத்தான் அப்படிச் சொன்னார். ஜெர்மன் மொழியில் யாராவது கதைத்திருந்தால் நான் ஆங்கிலத்தில் எல்லாம் கேட்டிருப்பேன். தமிழ் ஆட்கள் என்றதும் என் விரல் தானாகவே சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா பிக்கரிங்கில் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சப்பாத்தோடு அப்படியே இருந்துவிட்டார்.

"ஆர் எண்டு சொன்னவரோ?"

"இல்லை அம்மா. நான் கட் பண்ணிட்டன்."

"நல்லது. இனி எடாதை. பையை எங்கையோ விட்டிட்டார், அவ்வளவுதான். ஆள் வந்திடும்."

அப்போது உங்கள் கைபேசியிலிருந்தே அழைப்பு வந்தது. திரையில் உங்கள் படம், நீங்கள் பனிக்குல்லாவோடு நிற்கிற படம். அது அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எடுக்காமல் நின்றோம். அது நின்றுவிட்டது.

பிறகுதான் நான் சத்தமாக யோசித்தேன். பை அந்த மனிதரிடம் இருக்கிறது. பைக்குள் ஊசி இருக்கிறது. சாப்பாடும் அதற்குள்தான். பணமும் கடவுச்சீட்டும் நான் சொன்ன அறைக்குள். ரயில் பாஸ் கைபேசியில். அப்பாவிடம் இப்போது என்ன இருக்கிறது? ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கிற உடம்பு மட்டும்தான்.

அம்மா தன் கைபேசியை எடுத்துப் பார்த்தார். விடியற்காலையில் ஒரே சுவிஸ் இலக்கத்திலிருந்து இரண்டு அழைப்புகள். அடித்தது அம்மாவுக்குத் தெரியும். தலையணைக்கு அடியில் வைத்து அமத்திவிட்டாராம். "உன்ரை பெரியம்மான்ரை ஆக்கள் எண்டு நினைச்சன் பிள்ளை" என்றார். அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை.

அந்த இலக்கத்துக்கு நான் திருப்பி எடுத்தேன். பதிவு செய்த செய்தி ஒன்று ஜெர்மன் மொழியில் ஓடியது. அலுவலகம் மூடிவிட்டது போலும். எனக்கு விளங்கியது ஒரே ஒரு சொல். லவுற்றபுருன்னன். நீங்கள் அங்கிருந்துதான் எடுத்திருக்கிறீர்கள். நாங்கள்தான் எடுக்கவில்லை.

அங்கே இருக்கும் பொலிசுக்கு எடுப்போமா என்று கேட்டேன். எடு என்றார் அம்மா. எடுத்தேன். ஒரு அதிகாரி பொறுமையாக ஆங்கிலத்தில் எல்லாம் எழுதிக்கொண்டார், பார்க்கிறோம் என்றார். ஆனால் அவருக்கு உங்களைத் தெரியாது. சனத்துக்குள் ஒரு கறுத்த மனிதர், நீல ஜக்கெற், வயது ஐம்பத்திரண்டு. அவ்வளவுதான் நான் சொல்ல முடிந்தது.

அந்த நாட்டில் உங்கள் முகம் தெரிந்து, கார் வைத்திருந்து, நாங்கள் கூப்பிட்டால் உடனே கிளம்பக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார். அம்மாவுக்கும் அது தெரியும். "அவ திரும்பவும் கதையாமல் விட்டிடுவா. இந்த முறை விட்டா விட்டதுதான்" என்றார். பிறகு மற்றச் சப்பாத்தையும் கழற்றிவிட்டுச் சொன்னார், "எடு. முதல் அந்தாளுக்கு எடு. பிறகு பெரியம்மாவுக்கு. நீயே கதை பிள்ளை. எனக்கு ஏலாது."

இப்போது எடுக்கப் போகிறேன். நீங்கள் கோபித்தாலும் பரவாயில்லை. நீங்கள் கோபிக்கிற அளவுக்குச் சுகமாக இருந்தால் போதும்.

நிலாணி


மோர்னிங்சைட்
11 யூலை, வெள்ளிக்கிழமை

பாசமுள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் விடுதிக்கு இல்லை. பெரியம்மாவின் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். அவர்தான் அச்சடித்து உங்களிடம் தரவேண்டும். தமிழ் அவருக்கு நன்றாக விளங்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

நேற்று நீங்கள் தொலைபேசியில் "நான் நல்லாயிருக்கிறன், நீ அழாதை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். பின்னால் ஆட்கள் கதைக்கும் சத்தம் கேட்டது. அதனால் நானும் ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததைக் கிளிபோட் அங்கிள்தான் எனக்குச் சொன்னார். உங்கள் பையை வைத்திருந்த அந்தக் குரல் அவருடையது. சூரிச் கல்யாணத்தில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவராம், பெரியம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவராம். அவர் குடும்பத்தோடு ஏறி உங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் வந்து இருந்ததும், நீங்கள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்த தரிப்பில் இறங்கிக் கடைசிப் பெட்டிக்கு ஓடினீர்களாம். பை அவர்களுடைய தலைக்கு மேல் இருந்ததால் எடுக்க முடியவில்லையாம். "நான் ஆளைக் கவனிக்கவே இல்லைப் பிள்ளை. என்ரை கண் முழுக்க மலையிலை. உவர் பேசாமல் இருந்திருந்தா நான் கண்டிருக்கவே மாட்டன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என்னால் இன்னும் சிரிக்க முடியவில்லை.

அந்த ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி கிறிண்டல்வால்டுக்கும் மறு பாதி லவுற்றபுருன்னனுக்கும் போகும். நீங்கள் முதலில் ஏறியது கிறிண்டல்வால்டுப் பாதி; பை அங்கே போய்விட்டது, கடைசிப் பெட்டி உங்களை லவுற்றபுருன்னனில் இறக்கிவிட்டது. புத்தகத்தில் அது இருந்தது. ஏறும்போது பலகையைப் பார்ப்பீர்கள்தானே என்று நினைத்து நான் அதை எழுதவில்லை. சொந்தக்காரரைக் கண்டு ஒளிக்கிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

லவுற்றபுருன்னன் ரயில் நிலைய அலுவலகப் பெண் கிறிண்டல்வால்டுக்கு எடுத்து உங்களுக்காகக் கேட்டாராம். அப்படி ஒரு பையும் ஒப்படைக்கப்படவில்லை என்று பதில் வந்ததாம். எப்படி வரும்? கிளிபோட் அங்கிள் கைப்பிடியில் கட்டியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "இரத்தினவேல், ரொறன்ரோ. எங்கடை ஆள். இதை ஏன் ஸ்ரேசனிலை குடுப்பான், ஆளைப் பிடிச்சு நாங்களே குடுப்பம்" என்று தோளில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

இனி, உங்களுக்குத் தெரியாததை எழுதுகிறேன்.

பெரியம்மா உடனே எடுத்தார். நான் மூச்சு விடாமல் சொன்னேன். அப்பா கிங்ஸ்ரனில் இல்லை, சுவிஸில் நிற்கிறார், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நிற்கிறார், ஹோட்டலில் நிற்கிறார், இப்போது ஆளைக் காணவில்லை. எல்லாம் சொன்னேன்.

பெரியம்மா கேட்டார், "ஊசி போட்டவரோ?"

"ஓம்."

"சாப்பிட்டவரோ?"

"இல்லைப் பெரியம்மா. சாப்பாடு பைக்குள்ளை."

"சரி. அழாமல் கதை. நான் சப்பாத்துப் போடுறன்." அவ்வளவுதான். ஏன் வந்தார், ஏன் சொல்லவில்லை, ஏன் ஹோட்டல், ஒன்றும் கேட்கவில்லை.

காரில் ஏறியதும் கிறிண்டல்வால்டுக்குப் போவோம் என்றார். பையைத் தேடி நீங்கள் அங்கேதான் போயிருப்பீர்களாம். கிளிபோட் அங்கிளும் அதையே சொன்னார், அம்மாவும் அதையே நினைத்தார். எனக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. உங்களிடம் ரிக்கெற் இல்லை. பதினேழு வருடமாக ரிக்கெற் இல்லாமல் பின்கதவால் ஏறுகிறவர்களைப் பற்றி வீட்டில் வந்து குறைப்படுகிற மனிதர் நீங்கள். மயங்கி விழுந்தாலும் விழுவீர்கள், ரிக்கெற் இல்லாமல் ரயிலில் ஏற மாட்டீர்கள். நான் பெரியம்மாவிடம் லவுற்றபுருன்னனுக்குப் போங்கள் என்றேன்.

"நீ ரொறன்ரோவிலை இருந்துகொண்டு எனக்குச் சுவிஸிலை வழி சொல்லுறியோ?"

"ஓம் பெரியம்மா."

"உன்ரை வழி பிழைச்சுதெண்டால்?"

நான் சொன்ன வழி பிழையாகிப்போனால் இருட்டிவிடும், ஊசி இல்லாமல் இரவு வந்துவிடும். "பிழைக்காது" என்றேன். அவர் பெரியப்பாவிடம் திரும்பி, "பிள்ளை சொல்லுற பக்கம் விடுங்கோ" என்று சொன்னது கேட்டது. கிளிபோட் அங்கிளும் பையோடு அங்கே வருவதாகச் சொன்னார்.

வழி முழுவதும் தொடர்பில் வைத்திருந்தார். ஒரு இடத்தில் தானாகவே சொன்னார், "இருவத்திநாலு வருசம் இந்த நாட்டிலை இருக்கிறன். உந்தப் பக்கம் நான் வந்ததேயில்லை பிள்ளை. வேலை, வீடு, கோயில். ஆரும் வந்தால் சமையல். இதுக்கை ஆர் மலைக்குப் போறது?" அவர் யாரையும் குறை சொல்லுகிற குரலில் சொல்லவில்லை. பாதை இரண்டு பக்கமும் உயர்ந்துகொண்டு போகிறது என்றார். ஒரு அருவி தெரிகிறது, வானத்திலிருந்து விழுகிறமாதிரி இருக்கிறது என்றார். பிறகு, "நிலாணி, ஸ்ரேசன்" என்றார். கார்க் கதவு அடிபடும் சத்தம். நடக்கிற சத்தம். அம்மா என் தோளைப் பிடித்திருந்த இடம் இன்றும் நோகிறது.

"வேல்!" என்று பெரியம்மா கூப்பிட்டது எங்களுக்குக் கேட்டது. அவர் உங்களை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எப்போதும் உங்களை அம்மாவின் மனுசன் என்றுதானே சொல்வார்.

ரயில் மேடையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தீர்களாம். அலுவலகப் பெண் வீட்டுக்குப் போகுமுன் வாங்கித் தந்த பழச்சாறுப் போத்தல் வெறுமையாகப் பக்கத்தில் இருந்ததாம். அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா, இப்போது நான் எழுத வந்ததை எழுதுகிறேன். பெரியம்மா நேற்று என்னோடு கதைத்தார். கிளிபோட் அங்கிளோடு கதைத்தார். உங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார், உங்கள் சீனி அளவைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். அம்மாவிடம் கொடு என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அம்மா எனக்குப் பக்கத்திலேயே நின்றார். தான் பக்கத்தில் நிற்பது அவருக்குத் தெரியட்டும் என்று இரண்டு தடவை இருமினார்.

உங்கள் ரயில் பாஸ் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் செல்லும். லவுசானிலிருந்து ஏறினால் ஒரு நாளிலேயே மேலே போய் வரலாம். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனக்கு வேலை இருக்கிறது என்பார், குளிர் ஒத்துவராது என்பார். விடாதீர்கள். இரவு திரும்பி வந்து அந்தப் புதுக் கட்டிலில் படுங்கள். அல்பம் காட்டினால் கடைசிப் பக்கம் வரைக்கும் பாருங்கள்.

அம்மா இன்றும் வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து குசினி மேசையில் கைபேசியை முன்னால் வைத்துக்கொண்டு இருக்கிறார். தான் எடுத்தால் பெரியம்மா எடுக்கமாட்டார் என்று பயம். நான் சாப்பிடச் சொன்னால் பசிக்கவில்லை என்கிறார். மூன்று வருடம் கதைக்காமல் இருந்தபோதுகூட அம்மா இப்படி இருந்ததில்லை. அப்போது பிழை தன்னுடையது என்று அவர் நினைக்கவில்லை.

பெரியம்மாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள் அப்பா. மன்னிக்கச் சொல்ல வேண்டாம். அது அவரவர் விருப்பம். அம்மாவுக்கு எடுத்து, நன்றாக ஏசிப் பேசச் சொல்லுங்கள். கிங்ஸ்ரனுக்கு, ஹோட்டலுக்கு, அந்தக் கட்டிலுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஏசலாம். நான் பக்கத்தில் இருக்கமாட்டேன், மேலே என் அறைக்குப் போய்விடுவேன். பெரியம்மாவின் சத்தம் மட்டும் இந்த வீட்டில் கேட்டால் போதும்.

பெரியப்பாவையும் சேர்த்து உங்கள் மூவரையும் கடவுள் சுகமாக வைத்திருக்கட்டும்.

அன்புடன்,
நிலாணி